குர்துபாவுக்கும் கர்னாத்தாவுக்கும் போகும் குடும்பங்களுக்கு

நம்மவரில் சிலர் இப்போது குடும்பத்தோடு ஸ்பெயினுக்கும் போய் வருகிறார்கள். அந்தலூஸ் என்று கிதாபுகளில் படித்த பெயரைக் கேட்டதும் உள்ளம் உருகுவது இயல்பே. ஆனால் உருகிய உள்ளத்தோடு மட்டும் போய் இறங்கினால் முதல் வேளைச் சாப்பாட்டிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

நமது கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் வீசா அவசியம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். கர்னாத்தாவின் அல்ஹம்ரா மாளிகைக்கான அனுமதிச் சீட்டை வீசா கிடைத்தவுடனேயே வாங்கிவிடுங்கள். அங்கே போய் வாங்கலாம் என்றிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. சீட்டு ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கும், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். நஸ்ரிய அரண்மனைக்குள் நுழையும் நேரமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நேரம் தவறினால் தவறியதுதான்.

இனி உணவு. சகோதரிகள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். பன்றி இறைச்சியை விலக்குவது எளிது, பன்றிக் கொழுப்பை விலக்குவதுதான் கடினம். அதற்கு அங்கே 'மன்தேகா' என்று பெயர். 'மன்தெகீயா' என்றால் வெண்ணெய். ஓர் எழுத்தசையில் ஹலாலும் ஹராமும் மாறிவிடுகின்றன! பொல்வொரோன், மன்தெகாதோ, என்சைமாதா போன்ற இனிப்புப் பண்டங்கள் வழமையாக இந்தக் கொழுப்பில்தான் செய்யப்படுகின்றன. பருப்பு, கடலைக் கறிகளிலும் பன்றி எலும்போ தொத்திறைச்சியோ சேர்ப்பார்கள். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. 'ஹமோன்' எனப்படும் உப்பிட்ட பன்றித் தொடையை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத பரிசாரகர்களும் உண்டு. 'சின் செர்தோ, சின் ஹமோன், சின் மன்தேகா' என மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். 'சின்' என்றால் 'இல்லாமல்'. எந்த எண்ணெய் என்றும் கேளுங்கள். எண்ணெய்க்கு அவர்கள் சொல்லும் 'அசெய்தே' நமது 'அஸ்ஸைத்' என்ற அரபுச் சொல்லேதான். சீனி 'அசூக்கார்', அரிசி 'அர்ரோஸ்'. ஓதிய பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகவே இருக்கும். மீன் பொரியல், உருளைக்கிழங்கு முட்டைத் தோர்த்தியா, ஒலிவ், பாண் ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கலாம். மத்ரீதில் லவாப்பியெஸ், பார்சிலோனாவில் ரவால் பகுதிகளில் ஹலால் கடைகள் இருக்கின்றன.

பகலுணவு இரண்டு மணிக்குப் பிறகு, இராச்சாப்பாடு ஒன்பதுக்குப் பிறகு. ஜூன் மாதத்தில் மஃரிபே ஒன்பதரை தாண்டித்தான், இஷா பதினொன்றைத் தாண்டும். சிறு பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஷாபிஈ மத்ஹபில் பயணிக்குள்ள ஜம்உ, கஸ்ர் சலுகைகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் குர்துபாவின் வெயில் 40 பாகையைத் தாண்டும். வசந்த காலமே உகந்தது.

குர்துபாவின் பெரிய பள்ளிவாசலை முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் கட்டத் தொடங்கினார். 1236இல் நகரம் கைமாறியதோடு அது தேவாலயமானது. இன்றும் கத்தோலிக்கப் பேராலயமே. அங்கு முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை, காவலர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். 2010இல் ஒஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் குழுவினர் தொழ முனைந்தபோது கைகலப்பாகி இருவர் கைதானார்கள். மிஹ்ராபைக் கண்டதும் ஒரு பிள்ளை தன்னையறியாமல் ஸுஜூதில் விழக்கூடும். ஆகவே வாசலிலேயே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். சீட்டு வாங்கி நுழைபவர் அந்த இடத்தின் நிபந்தனையையும் ஏற்றே நுழைகிறார் என்பது என் கருத்து. உள்ளத்தால் கேட்கும் துஆவுக்கு எவரது அனுமதியும் தேவையில்லை. தொழுவதற்கு அதே நகரில், கொலோன் சதுக்கத்துத் தோட்டத்தில் ஒரு சிறு பள்ளிவாசல் உண்டு.

கர்னாத்தாவில் அல்பைசீன் மேட்டில் 2003இல் திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிரே அல்ஹம்ரா முழுதாகத் தெரியும். இறங்கி வரும்போது பேராலயத்தின் பக்கம் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தை இலவசம்போல் கையில் திணித்துக் காசு கேட்பார்கள். கையை நீட்டாதீர்கள். வீதியோரத்துத் தோடம்பழத்தையும் பறிக்க வேண்டாம், வாயில் வைக்க முடியாத கசப்பு.