பொருட்காட்சியிற் கண்டது

பொருட்காட்சியென்றால் எம் வீட்டார்க்கு அளவிறந்த விருப்பம். தீவுத்திடலில் நடைபெறும் சுற்றுலாப் பொருட்காட்சியையும், கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்காவில் வைக்கப்பெறும் மலர்க் கண்காட்சியையும் யாம் தவறவிடுவது அரிது. பின்னது எமது கோபாலபுரத்து வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவினதாகலின், அதனைப் பொருட்காட்சியென்று கணக்கிடுதல் தகாதென்று எம் தமக்கையார் கூறுவர். நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்தில் புதிய மின்னணுப் பொருள்களின் காட்சியொன்று நடைபெறுகின்றதெனக் கேள்வியுற்று, சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாமும் எம் தந்தையாரும் புறப்பட்டோம். தமக்கையாரின் மகன், ஐந்து வயதினன், தானும் வருவேனென்று அழுதான். கூட்டத்திற்கஞ்சி அவனை விட்டுச் சென்றோம்.

ஆலந்தூர்வரை மெட்ரோ ரயிலிலும் அப்பால் ஆட்டோவிலுமாகச் சென்று சேர்ந்தோம். ஆண்டுக் கண்டவற்றையெல்லாம் ஈண்டு விரித்தல் வேண்டா. சுவரை அடைத்து நிற்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளும், தாமே வீடு பெருக்கும் யந்திரங்களும், நாடித்துடிப்பை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரங்களும் வரிசையாய் வைக்கப்பெற்றிருந்தன. தந்தையார் ஒவ்வொன்றின் விலையையும் வினவினார், ஒன்றையும் வாங்கினாரல்லர். பெருக்கும் யந்திரத்தின்முன் மட்டும் நெடுநேரம் நின்று, "நம் வீட்டு வாசற்படியை இது எப்படி ஏறும்?" என்று கேட்டார். காட்டி நின்றவர் நகைத்தாரேயன்றி விடை கூறினாரில்லை.

மிக்க கூட்டம் மெய்ந்நிகர்க் காட்சிக் கருவி வைத்திருந்த இடத்தில்தான். வி.ஆர். ஹெட்ஸெட் என்று யாவரும் வழங்குவது அதுவே. நீரில் மூழ்குவோர் அணியுங் கண்ணாடியினைப்போல் முகத்திற் கட்டிக்கொள்ளும் அதனுள்ளே, கண்ணொன்றிற்கு ஒரு படமாக இரண்டு படங்கள் தோன்றும்; அவற்றின் முன்னே இரண்டு வில்லைகள் உள்ளன. தலையைத் திருப்பினால் காட்சியுந் திரும்பும். எமக்கு முன் நின்ற முதிய அம்மையார் ஒருவர் அதனை யணிந்து, வெறுவெளியிற் கைநீட்டிப் பழம் பறித்தார். வாலிபர் ஒருவர் பள்ளத்தில் விழுவார்போல் அலறி அயலாரின் தோளைப் பற்றிக்கொண்டார். ஒருவர் முகத்திலிருந்ததை மற்றொருவர் முகத்திலிடுவதைக் கண்ட எம் தந்தையார், "மெட்ராஸ் ஐ வந்துவிடப் போகிறது!" என்று எச்சரித்தார். கண்ணோய் ஒன்றிற்கு எம் நகரின் பெயரே வழங்குதலின் இவ்வச்சம் எங்கட்கு இயல்பு. ஆயின் அங்கிருந்த இளைஞர் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் தோய்ந்த துணியால் கருவியைத் துடைத்தே தந்தார்.

இவ்வித்தை நேற்றுத் தோன்றியதன்று. நம் இரு கண்களும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்தமையால், ஒரு பொருளை ஒவ்வொன்றும் சிறிது வேறுபடக் காண்கின்றது. அவ்விரு வேறுபாட்டையும் மூளை ஒன்றாக்கும்போதுதான் பொருளின் சேய்மையும் அண்மையும் தெளிவாய்ப் புலனாகின்றன. இதனை 1838-இல் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் இரண்டு ஆடிகளும் இரண்டு கோட்டுப்படங்களுங் கொண்டு காட்டினார். பின்னர் டேவிட் ப்ரூஸ்டர் வில்லைகள் பொருத்திச் செய்வித்த சிறு பெட்டி, 1851-இல் லண்டன் மாநகரத்துப் பெரும் பொருட்காட்சியில் விக்டோரியா அரசியாரின் கருத்தைக் கவர்ந்தது. ஆகவே இக்கருவிக்கும் பொருட்காட்சிக்கும் உள்ள உறவு பழமையானதே. 1968-இல் ஐவன் ஸதர்லண்ட் என்பார் கணினிப் படங்களைக் காட்டும் தலையணியொன்று அமைத்தார். அதன் கனத்தால் அதனை உத்தரத்திலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று. இன்று அது கையில் ஏந்தும் பொருளாயிற்று.

எம் முறை வந்தது. இளைஞர் கருவியை எம் முகத்திற் பொருத்தி, "ஸார், முதலில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எழுத்துகள் வரும், தெளிவாயிருக்கிறதா என்று சொல்லுங்கள்" என்றார். வலக்கண்ணிற்குரிய எழுத்துகள் அச்சிட்டாற்போல் விளங்கின. அடுத்து, புகை படிந்த சுவர் போன்றதொரு மங்கல் தோன்றிற்று. "எழுத்தொன்றும் வரவில்லை" என்றோம். அவர் வில்லையைத் துடைத்தார், வாரை இறுக்கினார், பின் வேறு கருவியே கொணர்ந்தார். மீண்டும் அம்மங்கலே. இறுதியில் அவர் அதனைத் தாமே யணிந்து பார்த்து, எழுத்துகளை உரக்கப் படித்தார். வரிசையில் நின்றோர் சிலர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஸார், யந்திரத்தில் குற்றமில்லை. வலக்கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகையைப் பாருங்கள்" என்றார். எதிரே முழக்கோலளவு எழுத்தில் எழுதியிருந்த பெயர்ப்பலகை ஒரு வண்ணத் திட்டாய்க் கரைந்தது.

இருபதாண்டு வாழ்ந்தும் எம் இடக்கண் காணாததை அறியாதிருந்தோம் என்றால் நேயர் நம்புவரோ? பாரிஸ் நகரிற் புகழ்பெற்ற அறிஞர்க்கே இத்தகைய இடர் நேர்ந்ததாக ஒரு கதை வழங்குகின்றது. முவாஞோ என்னும் பாதிரியார் ப்ரூஸ்டரின் பெட்டியை எடுத்துக்கொண்டு அந்நகரத்து அறிஞர்களைத் தேடிச் சென்றனராம். அரகோவிற்கு எப்பொருளும் இரண்டாகத் தோன்றும், பூயேவிற்கு மாறுகண், வேறு சிலர்க்கு ஒரு கண்ணே பயன்பட்டது. ரெனோ என்பாரிடம் சென்றபின்னரே இரு நற்கண்கள் கிடைத்தனவாம். கதை எவ்வளவு மெய்யோ, எமக்கு அது பெரிதும் ஆறுதலளித்தது.

அறியாதிருந்ததற்குக் காரணமும் எம்மிடத்ததே. பள்ளியிற் கண் சோதித்த நாளில், வலக்கண்ணைக் கையால் மூடிக்கொள்ளென்றபோது, விரலிடுக்கின் வழியே பார்த்துப் படித்து அதனைச் சாமர்த்தியமென்று மகிழ்ந்தோம். கோபாலபுரத்து விளையாட்டுத் திடலிலோ, எம்மை நோக்கி உயர்ந்து வரும் பந்தைப் பெரும்பாலும் பிடித்ததில்லை. கை ஒருசாண் முன்னதாகவோ பின்னதாகவோ மூடும். தோழர்கள் எம்மை எல்லைக்கோட்டிற்கு அனுப்பினர். பின்னர் எண்ணிக்கை குறிக்கும் பணியில் அமர்த்தினர். "கவனம் போதாது, மனம் எங்கேயோ இருக்கிறது" என்பது எந்தையார் பல்லாண்டு கூறிவந்த தீர்ப்பு. படியில் இடறினாலும், தம்ளரில் ஊற்றும் நீர் வெளியே சிந்தினாலும் அதே தீர்ப்பே. யாமும் அதனை மெய்யென்றே கொண்டிருந்தோம்.

அன்று மீளும்போது ரயிலில் தந்தையார் பேசவில்லை. சைதாப்பேட்டை கடந்தபின், ஜன்னலை நோக்கியவாறே, "உன்னை நிரம்பக் கடிந்துகொண்டேனடா" என்றார். யாம் விடையொன்றும் சொல்லவில்லை. இறங்குமிடம் வந்தபோது, படியருகே எம் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுவாரம் எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். 1819-இல் தொடங்கப்பெற்று, உலகின் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாய் விளங்குவது அது. மருத்துவர் ஆராய்ந்து கூறியதன் சாரம் வருமாறு: எம் கண்ணிரண்டின் ஒளிவிலகல் அளவு மிக வேறுபட்டது, இடக்கண் தெளிவற்ற படத்தையே அனுப்பிவந்தமையால் குழந்தைப் பருவத்திலேயே மூளை அதனை ஒதுக்கிவிட்டது, கண் நலமாகவே உள்ளது, பார்க்கத்தான் கற்கவில்லை. இதற்குச் சோம்பற்கண் என்று பெயர். இப்பெயரை யாம் ஒப்பவில்லை. கண் ஒருநாளும் சோம்பவில்லை. அது அனுப்பிய ஓலையைப் பெற்றவர் பிரித்தாரில்லை. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்தால் பின்னர்த் திறந்தும் பயனில்லாதவாறு மூளை மாறிவிடுவதைக் காட்டிய ஹியூபல், வீஸல் என்னும் இருவர்க்கு 1981-இல் நோபெல் பரிசில் கிட்டிற்று. சிறு வயதில் மாறுகண்ணுற்ற ஸூஸன் பாரி என்னும் அமெரிக்க அம்மையார், ஏறக்குறைய 48-ஆம் வயதிற் பயிற்சியால் இரு கண்ணின் ஆழக்காட்சியைப் பெற்று, அதுபற்றி 2009-இல் ஒரு நூலும் வெளியிட்டார். எனினும் எம் வயதினர்க்கு நம்பிக்கை சிறிதே என்று மருத்துவர் ஒளியாமற் கூறினார்.

எழுந்துவருங்கால் அவர் வினவியது ஒன்று: "வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா? இது குடும்பத்தில் தொடர்வதுண்டு. ஏழு வயதிற்குள் கண்டால் பெரும்பாலும் திருத்தலாம்."

தமக்கையார் முதலில் நம்பவில்லை. குழந்தையின் கண்கள் நேராகவும் அழகாகவும் இருக்கின்றனவே என்றனர். எம் கண்களும் அங்ஙனமே. மறுநாளே அழைத்துச் சென்றோம். மருகனுக்கும் இடக்கண் எம்முடையதைப் போன்றதே.

கண்ணாடியும், நாளில் சில மணிநேரம் நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டும் விதிக்கப்பெற்றன. வலிய கண்ணிற்கு மங்கலாகவும் மெலிந்த கண்ணிற்குத் தெளிவாகவும் சலனப்படங்களைக் காட்டி, அந்த ஹெட்ஸெட்டைக் கொண்டே இதற்குச் சிகிச்சை செய்ய அமெரிக்காவில் 2021-இல் இசைவளிக்கப்பெற்றது. அதுவும் அப்போது நான்கு முதல் ஏழு வயதினர்க்கே. எம் வீட்டிலோ பழைய ஒட்டுதான். முதல் வாரம் போர்க்களம். பிரித்த ஒட்டுகளைக் கதவிலும், நாட்காட்டியிலும், உறங்கும் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியிலும் கண்டோம். தந்தையார் சினவாமல், தாமும் ஒரு கண்ணை ஒட்டிக்கொண்டு அவனோடமர்ந்து செய்தித்தாள் பார்த்தார். கவனம் போதாதென்ற சொல் எம் வீட்டில் அதன்பின் எழவில்லை.

மாலைதோறும் வாயிற்படியில் நின்று எதிர்வீட்டுக் காரின் எண்ணைப் படிப்பது அவனுக்கு விளையாட்டு. தொடக்கத்தில் தெருவைக் கடந்து அதனருகே சென்றால்தான் இலக்கம் தெரியும். எட்டு மாதங்களுக்குப்பின், நேற்று, படியில் நின்றபடியே நான்கு இலக்கங்களையும் சொல்லிவிட்டான். பின்பு ஒட்டைப் பிரித்து எம் வலக்கண்ணின்மேல் அழுத்தி, "மாமா, இப்போது நீ படி" என்றான். முதலிலக்கத்தை மட்டும் ஊகித்துச் சொன்னோம். மற்ற மூன்றையும் அவன் சொல்லிக்கொடுத்தான்.