தேநீர்த் தண்ணீர் ஊரில் ஒரு பழைய பெட்டி

தோக்கியோவின் ஓச்சனோமிசு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பாலத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கீழே கந்தா ஆறு. மருனோவுச்சி தடத்தின் சிவப்பு ரயில் ஒரு கரையின் சுரங்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஆற்றைத் தாண்டி, மறு கரைக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். ஓச்சனோமிசு என்றால் தேநீருக்கான தண்ணீர் என்று பொருள். இங்கிருந்த ஒரு கோயிலின் ஊற்று நீரில்தான் ஒரு காலத்தில் ஷோகுனுக்குத் தேநீர் போட்டார்களாம். இன்று ஊற்று இல்லை. கிட்டார்கள் இருக்கின்றன.

மெய்ஜி பல்கலைக்கழகம் இருக்கும் அந்தச் சாலை ஜிம்போச்சோவின் பழைய புத்தகக் கடைகளை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. வழி நெடுக இருபுறமும் இசைக்கருவிக் கடைகள். நம் சிட்டி ஹால் பக்கத்து பெனின்சுலா கடைத்தொகுதியை எடுத்து ஒரு தெருவில் நீளமாக விரித்துப் போட்டதுபோல் இருக்கும். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வேலை விஷயமாகத் தோக்கியோ போயிருந்தேன். சனிக்கிழமை மட்டும் ஓய்வு. தேடி வந்தது ஒரே ஒரு பொருள்: மார்ஷல் ஜேஎம்பி-1.

1992இல் வெளிவந்த பிரீஆம்ப் அது. கிட்டாரிலிருந்து வரும் மின்னலை மிகச் சிறியது. அதைத் தூக்கிவிட்டு, அதற்கு ஒரு குணத்தையும் கொடுப்பது பிரீஆம்பின் வேலை. ஊர் கேட்கும்படி சத்தமாக்குவது அதற்கு அடுத்த பெட்டியின் வேலை. ரேக்கில் அடுக்குவதற்காகச் செய்ததால் அகலம் 19 அங்குலம், உயரம் இரண்டு அங்குலம்கூட இல்லை. உள்ளே இரண்டு ஈசிசி83 வால்வுகள். தாத்தா வீட்டில் சூடானால்தான் பேசும் வால்வு ரேடியோ இருந்ததே, அந்தக் குடும்பம்தான். மற்ற வேலைகளைச் சில்லுகள் பார்த்துக்கொள்ளும். அயர்ன் மெய்டன் கிட்டார் கலைஞர்கள் பயன்படுத்திய பெட்டி என்பதை எங்கள் வீட்டில் அம்மாவுக்குக்கூடத் தெரியும். அண்ணன் அத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடம் ஒன்று இருந்தது. சம்பளத்தில் மாதம் மாதம் எடுத்து வைத்து வாங்கியது. நான் மெல்பர்னுக்குப் படிக்கப் போன ஆண்டு ரேக்கோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டார். விடுமுறைக்கு வந்தபோது, ரேக் இருந்த இடத்தில் சலவைக் கூடை இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவது கடையின் மாடியில் கண்ணாடி அலமாரிக்குள் ரேக் பெட்டிகள் வரிசையாக இருந்தன. கலிபோர்னியாவின் ஏடிஏ எம்பி-1, 1987இல் வந்தது. ஐந்து வால்வுகள் கொண்ட மேசா பூகி ட்ரையாக்சிஸ். அதன் விலையைப் பார்த்து இரண்டடி பின்வாங்கினேன். அவற்றுக்குக் கீழே ஜேஎம்பி-1, ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பளபளவென்று 46,000 யென். இன்னொன்றில் காதுப் பக்கமெல்லாம் திருகாணி உராய்ந்த தழும்பு, மேல்தகட்டில் கீறல். விலை 52,000 யென்.

பளபளப்பானதைக் காட்டி விரல் நீட்டிவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. சேலையாக இருந்தால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். இதை எப்படிப் பார்ப்பது? ஆச்சரியப் பரிசு என்ற திட்டத்தைக் கைவிட்டு அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன்.

“வேண்டாம் பாப்பா. நான் இப்ப வாசிக்கிறதே இல்ல. காசை வீணாக்காதே.”

“சரிண்ணா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “பின்னால திருப்பச் சொல்லு. எத்தனை வோல்ட்னு போட்டிருக்கு?”

100 வோல்ட். ஜப்பானின் மின்சாரம் அது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பெட்டி போயிற்று. “அது பரவாயில்ல, இறக்கிக் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கலாம். ரெண்டையும் ஆன் பண்ணி அரை மணி நேரம் விடு. சூடானப்புறம்தான் வியாதி வெளியே வரும்.”

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் இதைக் கடைக்கார இளைஞரிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை, மரியாதையுடன் தலையாட்டினார். நாற்காலி போட்டார். ஒரு கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் இணைத்தார்.

அரை மணி நேரம் கழித்து அண்ணன் மறுபடி வந்தார். ஜூரோங்கில் மதியச் சாப்பாட்டு இடைவேளை; பின்னணியில் தட்டுகளின் சத்தம். முதலில் யாரும் வாசிக்கக் கூடாது என்றார். கம்பிகளைக் கையால் மூடிவிட்டு, நான்கு சேனலையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். சீரான இரைச்சல் இருந்தால் பயமில்லை, அதிகம் திருகினால் எந்த வால்வுப் பெட்டியும் இரையும். பொரிவதுபோல் படபடத்தால் யோசிக்க வேண்டும். “போன்ல நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எதுன்னு தெரியாது. ஆனா கரகரப்பு தெரியும்.” வால்வு தேய்ந்திருந்தால்கூடக் கவலை இல்லையாம். அது பல்பு மாதிரி, கழற்றி மாட்டலாம், இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. வேறு இரண்டு விஷயங்களைத்தான் அவர் விடாமல் கேட்டார்.

ஒன்று, முன்பக்கத்துச் சுழல் திருகு. இந்தப் பெட்டியில் ஒலியின் அளவு, பாஸ், டிரெபிள் எல்லாவற்றையும் பொத்தானால் தேர்ந்தெடுத்து அந்த ஒரே திருகால்தான் மாற்ற வேண்டும். மெதுவாகச் சுழற்றினால் எண் ஒவ்வொன்றாக ஏற வேண்டும். பளபளப்பானதில் 4க்குப் பிறகு 7 வந்தது, பிறகு 5. தேய்ந்துவிட்டது என்றார் அண்ணன்.

இன்னொன்று மின்கலம். 100 ஒலி அமைப்புகளை நினைவில் வைத்திருக்க உள்ளே பலகையோடு பற்றவைத்த சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது செத்தால் மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் மறந்துபோகும். இரண்டிலும் 90ஆம் எண்ணில் ஓர் அமைப்பைச் சேமித்து, அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்து மீண்டும் போட்டோம். பளபளப்பானதற்கு ஞாபகம் இல்லை. கீறல் விழுந்தது சரியாகச் சொன்னது.

அப்போதுதான் இளைஞர் கீறல் பெட்டியின் விலைச்சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். மின்கலமும் திருகும் மாற்றியாயிற்று என்று எழுதியிருந்தது. 6,000 யென் கூடுதல் ஏன் என்று புரிந்தது. ரேக்கில் ஏறி இறங்கி உழைத்த பெட்டி. யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்றது எங்கோ மூலையில் துணி மூடிக் கிடந்திருக்க வேண்டும்.

கடைசியில் இளைஞரே ஒரு நிமிடம் வாசித்தார். அண்ணன் பக்கத்தில் தட்டுச் சத்தம் நின்றிருந்தது. “அதையே எடு,” என்றார். விலையைக் கேட்கவில்லை.

கடப்பிதழைக் காட்டியதும் 10 விழுக்காட்டு வரியைக் கழித்துக்கொண்டார்கள். கடையின் உத்தரவாதம் ஜப்பானைத் தாண்டாது என்பதைக் கைகூப்பாத குறையாக விளக்கினார்கள். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி சலுகையின் 500 வெள்ளிக்குள் அடங்கியது. ரசீதை மட்டும் பத்திரப்படுத்தினேன். பெட்டி 48 சென்டிமீட்டர். கைப்பெட்டிக்குள் குறுக்காமல் நெடுக்காக வைத்தால் போகிறது. இரண்டு குளிர்ச்சட்டைகளைச் சுற்றினேன். பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொன்னார்கள். “கிட்டார்,” என்றேன். உள்ளே கிட்டார் இல்லாததால் கொஞ்சம் குழம்பினார்கள்.

சாங்கியில் அண்ணன் காத்திருந்தார். “எதுக்குடி இந்த வேலை” என்று திட்டிக்கொண்டே பையை வாங்கிக்கொண்டார். அவர் கையில் இன்னொரு பை, செங்கல் கனத்தில். சிம் லிம் டவரில் நான்கு கடை ஏறி இறங்கி, 110 அல்ல, சரியாக 100 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் பிடித்திருந்தார்.

அன்றிரவு சலவைக் கூடை சமையலறைக்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு அண்ணன் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரும்பாலானவற்றை முகம் சுளித்து அழித்தார். 17ஆம் எண்ணில் நின்று, காதொலியைக் கழற்றி என் காதில் வைத்து, ஒரே ஒரு கம்பியைத் தட்டினார்.

“இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றார். அதை அழிக்காமல் 18க்குப் போனார்.