லாக்ல ஒண்ணுமே இல்லையே!

‘லாக்ல ஒண்ணுமே இல்லையே...’ கம்ப்யூட்டர் லேப் பக்கம் ஒதுங்கினவங்க எல்லாருக்கும் இந்த டயலாக் மனப்பாடம். சைட் திடீர்னு மக்கர் பண்ணும். சர்வரைப் பார்த்துக்கிறவர் எர்ரர் லாகைத் திறப்பார். சுத்தமா காலி! ‘சர்வர் நல்லாத்தான் இருக்கு தம்பி, உன் போன்லதான் பிராப்ளம்’ என்று தீர்ப்பு வந்துவிடும். மேல்முறையீடே கிடையாது!

எர்ரர் லாக் என்பது வேறொன்றுமில்லை, சர்வர் எழுதுகிற டைரி. எங்கே இடிச்சது, எந்த ஃபைலில், எத்தனை மணிக்கு என்று வரி வரியாக எழுதி வைக்கும். அந்த டைரி காலியாக இருந்தால் ரெண்டு அர்த்தம் உண்டு ஃப்ரெண்ட்ஸ். ஒண்ணு, எதுவும் நடக்கல. இன்னொண்ணு, நடந்ததை எல்லாம் வேற டைரியில எழுதிக்கிட்டிருக்கு!

எங்க காலேஜ்ல நடந்ததைச் சொன்னா புரியும். கல்விக் கட்டணச் சலுகைக்கான விண்ணப்பத்தை ஆன்லைனில் மாற்றியிருந்தார்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், ப்ளஸ் டூ மார்க் ஷீட்... நாலையும் போட்டோ எடுத்து ஏற்றி, ‘சப்மிட்’ அமுக்கணும். சிலருக்கு ஒரே அமுக்கில் முடிந்தது. பலருக்கு ஃபார்ம் மறுபடி காலியாக வந்து நின்று, ‘எல்லா விவரங்களையும் நிரப்பவும்’ என்றது. நிரப்பி அனுப்பினால் மறுபடியும் அதே!

ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி மூணு தடவை ஆபீஸுக்கு நடந்தாள். “பேரைக்கூட ஃபில் பண்ணாம அனுப்பினா எப்படிம்மா?” என்று கேட்டார்கள். “ஃபில் பண்ணிட்டுதான் சார் அனுப்பினேன்” என்றாள். “லாக்ல ஒரு எர்ரரும் இல்லையே, அப்போ யார் மேல தப்பு?” பாவம், அவளால் என்ன சொல்ல முடியும்? அப்பா கட்டட வேலை. சலுகை கிடைக்காவிட்டால் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு வட்டிக்குத்தான் வாங்கணும். கடைசி தேதிக்கு அஞ்சு நாள்தான் இருந்தது.

ஹெச்.ஓ.டி. சார் என்னையும் லேப் அண்ணனையும் கூப்பிட்டு, “என்னன்னு பாருங்கப்பா” என்றார். அண்ணன் லாகைத் திறந்து காட்டினார். ‘அப்பாச்சி’ சர்வர் எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்கிற செய்தி மட்டும் சமத்தாக உட்கார்ந்திருந்தது. வேறு ஒரு வரி இல்லை.

எனக்கு உறுத்தினது அதுதான். நூத்துக்கணக்கான பேர் வந்து போகிற சைட்டில் ஒரு சின்ன வார்னிங்கூட இல்லாமல் இருக்குமா? “அண்ணே, முதல்ல இந்த லாக் உயிரோட இருக்கான்னு பார்ப்போம்” என்றேன். ஒரே ஒரு வரியில் பி.ஹெச்.பி. ஃபைல் எழுதினோம். ‘லாகில் டெஸ்ட் என்று எழுது’, அவ்வளவுதான் அதன் வேலை. பிரவுசரில் திறந்தோம். லாகைப் பார்த்தோம். ம்ஹூம்... நாங்களே வேண்டுமென்று எழுதச் சொன்ன வரியும் அங்கே வரல!

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ‘அப்பாச்சிசிடிஎல்’ என்று அடித்து, ஒரு ஸ்பேஸ் விட்டு, மைனஸ், கேப்பிடல் எஸ் போட்டால், சர்வரில் எத்தனை சைட் இருக்கு, எது எந்த போர்ட்டில், எந்த ஃபைலில் எத்தனாவது வரியில் என்று ஜாதகத்தையே கொட்டிவிடும். எங்க சைட்டுக்கு ரெண்டு ஜாதகம். 80-ம் போர்ட்டில் சாதாரண ஹெச்.டி.டி.பி. 443-ம் போர்ட்டில் பூட்டு போட்ட ஹெச்.டி.டி.பி.எஸ். 80-க்கு வருகிறவர்களை அப்படியே 443-க்குத் தள்ளிவிடுவதுதான் முதலாவதின் வேலை. அதில் தப்பு நடக்க வழியே இல்லை. 443-க்கோ ‘எர்ரர்லாக்’ என்ற கட்டளையில் தனி ஃபைல் ஒன்று கொடுத்திருந்தது. இத்தனை நாளாக எல்லாரும் திறந்து பார்த்தது யாருமே தங்காத வீட்டோட டைரியை!

அந்தத் தனி ஃபைலைத் திறந்தோம். எங்க ‘டெஸ்ட்’ கடைசி வரியாக இருந்தது. அதற்கு மேலே 143 வரிகள், எல்லாமே ஒரே மாதிரி: அனுப்பிய அளவு 83,88,608 பைட்ஸ் என்கிற எல்லையைத் தாண்டிவிட்டது.

அதாவது 8 எம்.பி. பி.ஹெச்.பி.யில் ஒரு ஃபைலுக்கு ஒரு எல்லை, மொத்த ஃபார்முக்கு இன்னொரு எல்லை. ஃபைலுக்கு 5 எம்.பி. என்று யாரோ உயர்த்தியிருந்தார்கள். மொத்தத்துக்கு பி.ஹெச்.பி. வழக்கமாகத் தருகிற 8 எம்.பி. அப்படியே நின்றுவிட்டது. போன் கேமராவில் எடுத்த போட்டோ ஒன்று 3 எம்.பி. என்றாலும் நாலுக்கு 12 ஆச்சே! எல்லை தாண்டினால் பி.ஹெச்.பி. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும், பேர், ரெஜிஸ்டர் நம்பர் உட்பட. அதான் காலி ஃபார்ம். வீட்டில் ஸ்கேனர் வைத்திருந்தவர்களின் சின்ன பி.டி.எஃப். உள்ளே போச்சு. போனை மட்டும் நம்பினவங்க வெளியே நின்னாங்க.

வரிகளின் நேரத்தைப் பார்த்தப்போ மனசு கனத்துப் போச்சு. ராத்திரி 11.40-லிருந்து 12.15 வரை ஒரே ஐ.பி.யிலிருந்து ஏழு தடவை. ‘ஃபில் பண்ணிட்டுதான் சார் அனுப்பினேன்’ என்பதற்கு சர்வரே சாட்சி எழுதி வைத்திருக்கிறது!

ஹெச்.ஓ.டி. சார் அந்த 143 வரியையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரா ஆபீஸுக்குப் போனார். எல்லையை 32 எம்.பி. ஆக்கினோம். கடைசி தேதி ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அந்தப் பொண்ணோட ஃபார்ம் அன்னிக்கு சாயந்திரமே ஏறிடுச்சு.

இது எங்க காலேஜோடு நிற்கிற சமாச்சாரம் இல்லை. ரெட் ஹாட் குடும்பத்து லினக்ஸில் எஸ்.எஸ்.எல். போட்டாலே, அதற்கு ‘எஸ்.எஸ்.எல். எர்ரர் லாக்’ என்று தனி ஃபைல் தானாகவே வந்துவிடும். பி.ஹெச்.பி. தனி சர்வீஸாக ஓடினால் அதுவும் தனக்கென்று லாக் வைத்துக்கொள்ளலாம். பூட்டு திறக்கிற கட்டத்திலேயே, அதாவது ஹேண்ட்ஷேக்கிலேயே தகராறு என்றால், அப்பாச்சியின் வழக்கமான ‘வார்ன்’ லெவலில் அது பெரும்பாலும் பதிவாகாது. ‘இன்ஃபோ’வுக்கு ஏற்றணும். டிஸ்க் நிரம்பினாலும் எழுத்து நின்றுபோகும். ஓடுகிற சர்வரின் லாக் ஃபைலை யாராவது டெலிட் பண்ணிட்டா, ரீலோட் செய்கிற வரை அப்பாச்சி அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஃபைலிலேயே சமத்தா எழுதிக்கொண்டிருக்கும்!

‘லாக் சொல்லுச்சு, மெஷின் சொல்லுச்சு’ என்று மனுஷனை நம்பாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் கதை ஒன்றே போதும். 1999-லிருந்து 2015 வரை, ‘ஹொரைசன்’ என்கிற சாஃப்ட்வேர் காட்டிய கணக்கில் பணம் குறைகிறது என்று, சின்னச் சின்ன போஸ்ட் ஆபீஸ்களை நடத்தியவர்கள் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். சாஃப்ட்வேரைத் தந்த ஃபுஜிட்சுவிடம் ‘தெரிந்த பிழைகளின் பதிவேடு’ ஒன்று இருந்தது. அதை வழக்கு போட்டவர்கள் கையில் வாங்கவே கோர்ட்டில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஹொரைசனில் பிழைகள் இருந்தது உண்மை என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வந்தது 2024 மே மாதத்தில்!

அதனால பாஸ், நாளைக்கு உங்க காலேஜ் சைட்டோ, நீங்களே செஞ்ச ப்ராஜெக்ட்டோ, யாராவது வந்து ‘வேலை செய்யல’ன்னு சொன்னா, ‘உன் போனைப் பாரு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம் ஒதுக்குங்க. வேணும்னே ஒரு எர்ரரை உண்டாக்கி, அது லாகில் விழுதான்னு பாருங்க. விழலைன்னா, எதிரில் நிக்கிறவரை உட்காரச் சொல்லிட்டு, சரியான டைரியைத் தேடுங்க!