பச்சை உடம்புக்கு ஒரு கேரியர்

குழந்தை பிறந்த வீட்டுக்குக் கடைசியாக என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்? சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாம் அடுக்கிய பரிசுப் பெட்டியா? மூன்று மாதத்தில் சின்னதாகிவிடும் சட்டையா? தப்பில்லை. ஆனால், அந்த வீட்டில் ஏற்கெனவே ஏழு பெட்டி சேர்ந்திருக்கும். சோறு மட்டும் யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

கும்பகோணத்தில் என் பாட்டி, பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பாள். அவளுக்கென்று தனிச் சமையல். சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் வறுத்து இடித்த அங்காயப் பொடி, சூடான சாதம், நெய். புளியும் காரமும் குறைத்து, உரித்த பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்ட மிளகுக் குழம்பு. பூண்டே படியேறாத வீடுகளில்கூட, பிரசவம் என்றால் அதற்கு மட்டும் அனுமதி உண்டு!

பூண்டு சாப்பிட்டால் பால் ஊறுமா? பாட்டி சத்தியம் செய்வாள். 1991-ல் அமெரிக்காவில் மெனெல்லா, போஷாம்ப் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசனை தூக்கலாக வந்தது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் குடித்தன. அதற்காகப் பால் கூடுதலாகச் சுரந்தது என்று அர்த்தமில்லை. பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் ‘பாத்தியா?’ என்றுதான் கேட்டிருப்பாள்.

அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டத் தயாரில்லை. ‘தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்’ என்று அரை டம்ளரோடு நிறுத்துவாள் பாருங்கள், அது அநியாயம். பால் கொடுப்பவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். முதல் ஆறு மாதத்துக்கு தினமும் 600 கலோரி கூடுதலாகவும் வேண்டும் என்கிறது நம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். கீரை, பழம் எதையும் மறுக்க வேண்டியதில்லை.

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஒரு ஜோடி. பெண்ணுக்கு அம்மா இல்லை. மாமியார் ஒரு வாரம் இருந்துவிட்டு, மூட்டுவலியோடு ஊர் திரும்பிவிட்டார். 2017-லிருந்து பெண்ணுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் என்றால், கம்பெனி மனசு வைத்தால் உண்டு. இந்தப் பையனுக்கு ஐந்து நாள் கிடைத்தது. இரவெல்லாம் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறான், பகலில் லேப்டாப். சமையலறையில் பால் பாக்கெட், ரொட்டி, பிஸ்கெட்.

பதினோராம் நாள் நாலு அடுக்குக் கேரியரோடு போனேன். சாதம், பூண்டுக் குழம்பு, பருப்பு ரசம், பீர்க்கங்காய்க் கூட்டு. ரெண்டு பேருக்குமான அளவு. அந்தக் காலத்தில் பத்தியம் அம்மாவுக்கு மட்டும்தான். அப்பா எங்கோ வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார். இப்போது அவரும் அல்லவா கண் விழிக்கிறார்?

“நீங்க வைங்க ஆன்ட்டி, ஒருத்தர் ஒருத்தரா சாப்பிட்டுக்கறோம்” என்றாள் அந்தப் பெண்.

“குழந்தையைக் குடு. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். ரசம் சாதத்தில் இரண்டு கவளம் போனதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பையன் பதறிப்போனான். “ஒண்ணுமில்ல… சூடா இருக்கு” என்றாள். நாக்கைச் சுட்டுவிட்டதோ என்று பார்த்தேன். “சூடா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு ஆன்ட்டி!”

பிரசவமான புதிதில் காரணமே இல்லாமல் அழுகை வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால், தூக்கமும் பிடிப்பும் விட்டுப்போனால், டாக்டரிடம்தான் போக வேண்டும். ரசத்துக்கு அந்த சக்தி கிடையாது. இதை அந்தப் பையனிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நல்லவேளை, அவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

நீங்களும் போனால், காபிக்கு உட்காராதீர்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். குழந்தை யார் ஜாடை என்ற ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் சாப்பிட்டு முடிக்கிற இருபது நிமிஷம் குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும், கையை நன்றாகக் கழுவிய பிறகு.

நாலு நாள் கழித்து, காலை ஏழு மணிக்கு போன். பையன்தான். பின்னால் குழந்தை வீறிடும் சத்தம்.

“ஆன்ட்டி, குழம்புக்கு மிளகை முழுசா போடணுமா, பொடிச்சா?”

“பொடிச்சுப் போடுப்பா. முதல்ல அடுப்பை சிம்ல வை.”