ஏலகிரி ஏரியிலே

நீரில்லாத ஊரில் பிறந்தவனுக்கு நீரின் அருமை தெரியும் என்பார்கள். நீர் இருந்தும் அதைத் தொட அஞ்சும் ஊரில் பிறந்தவனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். நான் ஆம்பூரில் பிறந்தவன். பாலாற்றங்கரையில் வளர்ந்தும் ஆற்றில் இறங்கிக் குளித்ததில்லை. "அந்தத் தண்ணியில கால வைக்காதேடா" என்பதே என் பாட்டி எனக்குக் கற்பித்த முதற்பாடம். ஆகவே, எங்கள் துறையின் சார்பில் ஏலகிரிக்கு ஒருநாள் சிற்றுலா என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும், மலைக்கு முன்னதாக அங்குள்ள ஏரிதான் என் நினைவுக்கு வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலூரிலிருந்து பேருந்து புறப்பட்டது. பாட்டும் கைத்தட்டலும் வண்டியை நிறைத்தன. பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என ஊர்கள் வந்து மறைந்தன. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் பாலாறு மணலும் முட்புதருமாக எங்களுக்கு வழித்துணையாக வந்தது. 2021 நவம்பரில் இதே ஆறு இருகரையும் புரள ஓடியது என்று சொன்னால் வெளியூரார் நம்பமாட்டார்கள்!

ஆம்பூரை நெருங்கியதும் பழகிய அந்தத் தோல் வாடை சன்னல் வழியே நுழைந்தது. நண்பர்கள் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். நானும் சிரித்தேன். என் தந்தை அந்நேரம் அவ்வூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று வேலை செய்துகொண்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். கல்லூரியில் சேர்ந்த அன்று, தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதியவன் நான்.

பொன்னேரியில் மலைப்பாதை தொடங்கியது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெயரை உரக்கப் படித்துக்கொண்டே ஏறினோம். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை எட்டியபோது காற்றே வேறாக இருந்தது. பலா மரங்களும் மலையாளி மக்களின் சிற்றூர்களும் கடந்து, புங்கனூர் ஏரியை அடைந்தோம்.

அது மனிதர் அமைத்த ஏரிதான். ஆனால் நாற்புறமும் பச்சை மலை சூழ, நடுவே வானம் தலைகீழாகக் கிடந்த அந்தக் காட்சியை என்னென்பேன்! படகுத் துறையில் துடுப்புப் படகுகளும் மிதிபடகுகளும் அசைந்து நின்றன.

எங்களை வரிசையில் நிறுத்திவிட்டு, உடன் வந்த வரலாற்றுப் பேராசிரியர் படகைப் பற்றியே ஒரு சிற்றுரை நிகழ்த்தினார். நம் கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்திலும் ஏறிவிட்டதைச் சொன்னார். வட அமெரிக்கப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையால் 'கனூ' என்னும் படகைச் செய்தனர் என்றார். வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் 'கயாக்' என்ற படகில் கடலில் வேட்டையாடினர். மரமோ எலும்போ கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தனர் என்றார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஒகேனக்கல் பரிசல் பார்த்திருக்கிறீர்களா? இன்று மூங்கில் கூடையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். முன்பு அதற்குப் போர்வை எது தெரியுமா? மாட்டுத் தோல்!"

எல்லோரும் வியந்தனர். என் நெஞ்சில் மட்டும் ஏதோ தைத்தது.

மிதவைச் சட்டை அணிந்து, ஒரு மிதிபடகில் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் ஏறினோம். முதலில் படகு வட்டமடித்தது. திருப்பும் பிடியை அவன் ஒருபுறமும் நான் மறுபுறமும் இழுத்ததே காரணம்! கரையிலிருந்தோர் கேலி செய்தனர். பிடியை அவனிடம் விட்டபின் படகு நேராகச் சென்றது. ஏரியின் நடுவே மிதிப்பதை நிறுத்தினோம். நான் குனிந்து நீரில் கையை விட்டேன். மணிக்கட்டுவரை குளிர்ந்தது. எடுக்க மனமில்லை.

"எங்க கெணறும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சாம்டா" என்றான் தோழன். அவன் பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன். தோல் கழிவு இறங்கிக் கிணறு உப்பாகி, நெல்லும் தென்னையும் கைவிட்டதைச் சொன்னான். பிறகு இயல்பாகக் கேட்டான்: "உங்கப்பா என்னடா வேலை செய்யறாரு?"

ஏரி நடுவில் எழுந்து போய்விட இடமேது? கை நீரிலிருந்தபடியே, "தோல் ஷாப்புல" என்றேன்.

அவன் சற்றுநேரம் பேசவில்லை. "எங்க அக்கா ஷூ கம்பெனிக்குத்தான் போவுது. காலையில பஸ் வந்து ஏத்திக்கும். அந்தச் சம்பளத்துலதான் நான் படிக்கிறேன்" என்றான். இருவரும் மீண்டும் மிதிக்கத் தொடங்கினோம்.

பிற்பகலில் மங்கலம் சிற்றூரிலிருந்து சுவாமிமலைக்கு நடந்தோம். கற்களும் வேர்களும் நிறைந்த காட்டுவழி. மூச்சு வாங்க உச்சியை அடைந்தபோது, கீழே சமவெளி புகைமூட்டமாய்த் தெரிந்தது. பேராசிரியர் அங்கு எங்களை அமர்த்தி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கைப் பற்றிச் சொன்னார். 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. தோல் தொழிற்சாலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அத்தீர்ப்பு பதிவு செய்தது. கேடு செய்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறி இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் அது அறிவித்தது. இந்தியாவெங்கும் சட்ட மாணவர்கள் நம் வேலூரின் பெயரால் அந்நெறியைப் படிக்கிறார்கள். பெருமைப்படுவதா, வருந்துவதா?

இரவு வீடு திரும்பினேன். தந்தை சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார். சுண்ணாம்பு தின்ற விரல்கள். பரிசலுக்குத் தோல் போர்த்திய செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"எருமைத் தோலாத்தான் இருக்கணும். அதுதான் கனமா இருக்கும். எண்ணெய் நல்லா ஏத்தியிருப்பாங்க. இல்லன்னா தண்ணியில ஊறி அழுகிடும்" என்றார். தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டதையும், பின்னர் குரோமிய உப்பு வந்ததையும் அரைமணி நேரம் விளக்கினார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. உண்மையில், நான் இதற்குமுன் கேட்கவே இல்லை.

கடைசியில் துணிந்து கேட்டேன்: "அந்தக் கழிவுத் தண்ணி எங்க போவுதுன்னு அப்பல்லாம் உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்டா. கேட்டா மறுநாள் வேலை இருக்காது" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ படிக்கிற. நீ கேளு" என்றார்.

நண்பர்களே! தோல், நீரின் பகையன்று. ஒரு காலத்தில் அதுவே மனிதனை நீரின்மேல் சுமந்தது. பகையாக்கியது நம் பேராசை. தோலால் வாழும் வீட்டையும் தோலால் வாடிய வீட்டையும் அன்று ஒரு சிறு படகு தாங்கியது. பிடியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தபோது அது வட்டமடித்ததையும் நான் மறக்கவில்லை. தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்று கேட்கும் உரிமை நம் இருவருக்கும் உண்டு.

சென்ற வாரம் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில், 'தோல் பதனிடும் தொழிலாளி' என்று தெளிவாக எழுதினேன்.