ஒற்றை இருக்கை

ஹெலிகாப்டரை அந்தரத்தில் ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதுதான் கற்றுக்கொள்ளும்போது பெரிய பாடு. இடது கையில் கலெக்டிவ், வலது கையில் சைக்ளிக், காலடியில் இரண்டு பெடல். கலெக்டிவை இழுத்தால் மூக்கு திரும்பும்; பெடலால் அதைத் திருத்தினால் வண்டி பக்கவாட்டில் நழுவும்; சைக்ளிக்கால் அதைப் பிடித்தால் உயரம் குறையும். இந்தச் சூட்சுமம் கைக்கு வரவே எனக்கு ஏழெட்டு மணி நேரம் ஆனது. கலிஃபோர்னியாவில் ராபின்சன் ஆர்22-ல் வாரம் ஒரு மணி நேரம் பழகுகிறேன். ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் வயிறு எரியும். உரிமத்துக்குச் சட்டப்படி 40 மணி நேரம் போதும். அதோடு முடிக்கிறவர்கள் குறைவு.

கிட் ஹெலிகாப்டர் ஆசை அந்த எரிச்சலில் வந்ததுதான். பெட்டி பெட்டியாக உதிரிபாகங்கள் வரும், கராஜில் வைத்து நாமே பூட்டலாம். ரோட்டார்வே எக்ஸெக்கிலும், பழைய பெல் 47-இன் சாயலில் இருக்கும் சஃபாரியிலும் இரண்டு பேர் உட்காரலாம். விலையும் அதற்கேற்ற மாதிரி. என் பணத்துக்கு எட்டியது மொஸ்கிட்டோ. கொசு! பேர் வச்சவன் ரசிகன்.

வெறும் எடை 115 கிலோவுக்குள், எரிபொருள் 19 லிட்டருக்குள், வேகமும் ஓர் அளவுக்குள், ஏறுவது ஒரே ஆள் என்றால் அமெரிக்கச் சட்டத்தில் அது அல்ட்ராலைட். பைலட் உரிமமே வேண்டாம். கொசுவின் சின்ன மாடல் இதில் அடங்கிவிடும்.

வீட்டில் படத்தைக் காட்டினேன். "ஒரு சீட்டுதானா? அப்போ நான் எங்க உக்காரது?" என்றாள். கேலிதான். எனக்கு வேறு கேள்வி உதைத்தது. கத்துக்கொடுக்கிறவர் எங்கே உட்காருவார்?

எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுந்துவிடாது. கலெக்டிவை உடனே இறக்கினால், கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரைக்குப் பக்கத்தில் அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்கலாம். இதுதான் ஆட்டோரொட்டேஷன். ஆனால் உடனே என்றால் உடனே. ஆர்22-இன் விசிறி லேசானது. ஓரிரு விநாடி தயங்கினால் சுழற்சி செத்துவிடும், அப்புறம் மீட்பே கிடையாது. என் பயிற்றுநர் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் த்ராட்டிலைக் குறைப்பார். அப்படியும் முதல் பத்துத் தடவை என் கையோடு அவர் கையும் சேர்ந்தே கலெக்டிவை அமுக்கியது.

ஆர்22 விபத்துகளைப் பார்த்து 1995-இல் அதற்கென்றே தனி விதி போட்டார்கள். உரிமம் இல்லாதவர் அதில் தனியாகப் பறக்கும் முன், பயிற்றுநரோடு 20 மணி நேரமாவது ஆர்22-இலேயே ஓட்டியிருக்க வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இல்லாத கொசுவுக்கு அந்தக் கணக்கு பூஜ்யம். அதிலிருப்பதோ டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். ஆர்எக்ஸ்100 ஓட்டியவர்களுக்கு அந்த ஜாதியின் குணம் தெரியும்: ஜம்மென்று போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அப்போது பக்கத்தில் இன்னொரு கை இருக்காது.

கிட்டுக்கென்று எடுத்து வைத்த பணம் இப்போது மணிக்கணக்கில் ஆர்22-லேயே கரைகிறது. கொசு வேண்டாம் என்றில்லை. உரிமம் வரட்டும், கலெக்டிவை என் கை தானாக அமுக்கட்டும். காரை வெளியே நிறுத்தி கராஜை மட்டும் ஒழித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அவள் அங்கே துணி காயப்போடுகிறாள்.