வாழைத் தோட்டத்து நடுவே ஆபீஸ்!

ஆபீஸையே பெட்டியில் சுமந்துகொண்டு வந்தவர்களைப் பார்க்க வேண்டுமா? அட்லாண்டிக் சமுத்திரத்தில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீராத் தீவுக்கு வாருங்கள். அங்கே பொன்டா டோ சோல் என்றொரு சிற்றூர். 'சூரிய முனை' என்று அர்த்தம். சரிவெல்லாம் வாழைத் தோட்டம். கீழே கூழாங்கல் கடற்கரை.

2020-ல் கொரோனா வந்தது. உல்லாசப் பிரயாணிகள் நின்றார்கள். தீவின் அரசாங்கத்தார் சும்மா இருக்கவில்லை. 2021 பிப்ரவரியில் இவ்வூரை 'டிஜிட்டல் நாடோடிகள் கிராமம்' ஆக்கினார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜான் டாஸ் பாஸோஸின் பாட்டனார் இவ்வூர்க்காரர். அந்த நாவலாசிரியர் பெயரிலுள்ள கலாசார மண்டபத்தில் மேஜையும் இணையமும் இலவசமாகக் கொடுத்தார்கள்! வந்தார்கள், மடிக்கணினியும் கையுமாக.

முதலாளியை நேரில் பாராமலே வேலை செய்கிறவர்களுக்குக் கடைப்பலகை எது, சொல்லுங்கள்? இணையத்தில் இருக்கும் ஒரு பக்கம்தான். பெயர், தொழில், செய்த வேலையின் மாதிரி, ஒரு போட்டோ, இவ்வளவும் அங்கே இராவிட்டால் புது வேலை தேடி வருமா? அந்தப் போட்டோவில் மட்டும் கடல் தெரியக்கூடாது என்பது என் அபிப்பிராயம். வேலையா, விடுமுறையா என்று பார்ப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும்!

வீட்டு வாடகை ஏறிவிட்டதென்று தீவுக்காரர்கள் முணுமுணுப்பதும் உண்டு. வாழைத்தார் சுமப்பவருக்கும் அந்த வாடகை கட்டுப்படியாக வேண்டுமே!